சின்ன மஞ்சள் குளிசை

எனக்கு மூட்டுவாதம் என்று சொன்னபோது வயது நாற்பத்திரண்டு. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக வேலை செய்துகொண்டிருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். கொஸ்லந்தைக்கு மேலே, அப்புத்தளைப் பக்கம் பார்த்த தோட்டம். விடிந்து வெகு நேரம் வரை குளிர் போகாது. கை மடங்காததற்கு அந்தக் குளிர்தான் காரணம் என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் எட்டு மாதக் குழந்தை ஒன்று என் பிடியிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. அது அழக்கூட இல்லை. அந்த வாரமே கிளினிக்குக்குப் போனேன்.

இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர். என் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, ரத்தம் சோதித்து, கொப்பியில் நிறைய எழுதினார். சிங்களத்தில் ஏதோ விளக்கினார். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத்துத் தெரியாது. அவர் வேகமாகச் சொன்னதில் பாதி புரிந்தது. மீதியைக் கேட்க வாய் வரவில்லை. பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், அவ்வளவு படித்தவரை நான் எதற்கு மறித்துக் கேட்பது என்று தலையாட்டிவிட்டு எழுந்தேன்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில், சின்னக் காகித உறையாக, மூன்று பக்கெட் தந்தார்கள். இரண்டில் மாதம் முழுக்கக் காணும் அளவுக்குக் குளிசை. மூன்றாவதில் நாலே நாலு, சின்னதாக, மஞ்சள் நிறத்தில். பக்கெட்டின் மேல் சிங்களத்தில் எழுதியிருந்தது. நாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. இவ்வளவுதான் கைவசம் இருக்கிறது போலும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். எல்லாக் குளிசையும் தினம் குடிப்பதுதானே. நாலு நாளில் நாலும் முடிந்தன.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வாய் எரிந்தது. ரசம் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். பிறகு தானாகவே ஆறிவிட்டது.

அடுத்த மாதம் டொக்டர் கேட்டார், "மருந்து குடிச்சீங்களா? ஏதாவது கரச்சல் இருந்திச்சா?"

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். ஆறிப்போன வாய்ப்புண்ணைப் போய் அவரிடம் சொல்வதா என்று நினைத்தேன். அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும்.

அந்த மாதம் மஞ்சள் குளிசை ஆஸ்பத்திரியில் இல்லை. வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பாமசியில் கொடுத்தேன். கடை முழுக்கக் கூட்டம். "ஒரு மாசத்துக்குக் குடுங்க" என்றேன். கடைக்காரர் துண்டை ஒரு பார்வை பார்த்தார், முப்பது எண்ணிப் போட்டார், பக்கெட்டின் மேல் தமிழில் 'காலை 1' என்று எழுதிக் கொடுத்தார். என்னால் படிக்க முடிந்த எழுத்து. அதைப் பார்த்ததும் மனதுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

ஆறாம் நாள் உதட்டின் உள்பக்கம் புண் வந்தது. எட்டாம் நாள் நாக்கு, தொண்டை எல்லாம் பரவிவிட்டது. எச்சில் விழுங்கினால் முள் இறங்குவது போல் இருக்கும். உடம்பு சுடத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு ஒட்டிவிடுமோ என்று பயந்து, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஒன்பதாம் நாள் டவுனில் ஒரு தனியார் டொக்டரிடம் போனேன். டோர்ச் அடித்து வாயைப் பார்த்தார்.

"விட்டமின் கொறவு. சத்தாச் சாப்பிடுறதில்ல நீங்க" என்றார். சத்துக் குளிசையும் வாயில் பூச மருந்தும் கொடுத்தார். என்னென்ன குடிக்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் பக்கெட்டுகளைக் கொண்டுபோகவில்லை. "கிளினிக் மருந்து இருக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

"அத ஒண்ணும் நிப்பாட்டக் கூடாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க."

அதனால் பத்தாம் நாளும் குடித்தேன். பதினோராம் நாளும் குடித்தேன். அன்றைக்குப் பல் விளக்கும்போது ஈறிலிருந்து வந்த ரத்தம் நிற்கவே இல்லை. முழங்கைக்குக் கீழே, எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே, நீலநீலமாகத் திட்டுகள். கண்ணாடியில் என்னைப் பார்க்கவே பயமாக இருந்தது. செத்துப்போய்விடுவேன் என்று முதல்முறையாகத் தோன்றியது.

பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தைக்கு உடம்பில் தடிப்போ வயிற்றோட்டமோ வந்தால், தாயிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: என்ன புதுசாகக் குடுத்தீங்க, எப்ப இருந்து? பதிவுக் கொப்பியில் அதை எழுதி வைக்க வேண்டும், அது எங்கள் வேலை. பன்னிரண்டாம் நாள் காலையில், தண்ணீர்க் கோப்பையும் குளிசையுமாக உட்கார்ந்திருந்தபோது, அதையே என்னிடம் கேட்டுப் பார்த்தேன். என்ன புதுசு? எப்போதிருந்து?

மற்ற இரண்டு குளிசையையும் ஒன்றரை மாதமாக விடாமல் குடிக்கிறேன். மஞ்சள் குளிசையை மட்டும் போன மாதம் நாலு நாள் குடித்தேன், வாய் எரிந்தது. குளிசை முடிந்தது, வாய் ஆறியது. இந்த மாதம் தினமும் குடிக்கிறேன், ஆறவே இல்லை.

கையிலிருந்த குளிசையைத் திரும்பவும் பக்கெட்டில் போட்டேன்.

அதைப் போடுவதற்கு எவ்வளவு பயந்தேன் என்று சொன்னால் இன்றைக்குச் சிரிப்பார்கள். ஒரு டொக்டர் எழுதிக் கொடுத்தது, இன்னொரு டொக்டர் நிறுத்தாதே என்றது. எட்டாம் வகுப்போடு நின்ற நான் வேண்டாம் என்கிறேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டார்.

"ஏன் குடிக்கல?"

"இதுதாங்க எனக்கு ஒத்துக்கல போல."

"டொக்டருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்? விட்டுட்டு நாளைக்குக் கை சுத்தமா வெளங்காமப் போனா என்ன செய்வ?"

அவர் சொன்னதுபோல் ஆகிவிடும் என்றும் பயம், குடித்தால் செத்துவிடுவேன் என்றும் பயம். முதல் மாதத்துப் பக்கெட் தகர டப்பாவுக்குள் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்த மருந்துப் பெயர் இரண்டிலும் ஒன்று, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தேன். கீழே ஒன்றில் சிங்களம், மற்றதில் 'காலை 1'. அந்தச் சிங்களம் என்ன சொல்கிறது என்று ஒன்றரை மாதமாக நான் யாரிடமும் கேட்கவில்லை.

தோட்டத்துக் கேட் பக்கத்தில் கீழ்க் கிராமத்துச் சிங்கள அம்மா ஒருவர் மரக்கறி விற்பார். பக்கெட்டை அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, மெதுவாக வாசித்தார்.

"சதியகட்ட வரக்."

கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, ஒரு தடவை. பேச்சுத் தெரியுமே எனக்கு, அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாலு குளிசை நாலு கிழமைக்கு. ஒரு மாதத்து மருந்தை நான் நாலு நாளில் குடித்திருக்கிறேன். இப்போது பதினொரு நாளில் பதினொரு கிழமை மருந்து என் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அவருடைய மரக்கறிக் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் என் முகத்தையும் வாயையும் பார்த்து, "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, வீட்டுக்குப் போகாதீங்க" என்றார் சிங்களத்தில்.

அவரே ஆள் அனுப்பி வீட்டுக்காரரைக் கூப்பிட வைத்தார். பக்கெட் இரண்டையும் காட்டி நான் சொன்னதும் வீட்டுக்காரர் ஓடிப்போய் த்ரீவீலர் பிடித்து வந்தார். பதுளைப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வளைவுக்கு வளைவு எனக்கு ஒரே எண்ணம்தான். விழுங்கியதை எப்படி வெளியே எடுப்பார்கள்? எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டால்? வீட்டுக்காரர் என் கையைப் பிடித்திருந்தார். அழுத்திப் பிடித்தால் நீலம் ஏறும் என்று பயந்து, பிடித்தும் பிடிக்காமலும் இருந்தார்.

பதுளையில் ஒரு இளம் டொக்டர் பார்த்தார். "காய்ச்சல், வாய்ப்புண்" என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார். இந்த முறையும் தலையாட்டிவிட்டு எழுந்திருப்பேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவர் எழுதி முடிப்பதற்கு முன்னால் இரண்டு பக்கெட்டையும் மேசையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

"மாத்தயா, இது கிழமைக்கு ஒண்ணு. நான் தெரியாம தினமும் குடிச்சிட்டேன். பதினொண்ணு குடிச்சிட்டேன்."

அவர் பேனையை வைத்தார். பக்கெட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, வார்டு நர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிட்டார். அவர் எழுந்து நின்ற விதத்தில்தான் நான் நினைத்தது சரி என்று எனக்குத் தெரிந்தது. சரியாகப் போனதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

ரத்தத்தில் இருக்க வேண்டியது எல்லாமே இறங்கிப்போயிருந்தது. தனி அறையில் வைத்தார்கள். வருகிறவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு வந்தார்கள். அந்த மருந்தை முறிக்கிற ஊசி ஒன்று இருக்கிறது, மணிக்கணக்குப் பார்த்துப் போட்டார்கள். வார்டில் தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் டொக்டரம்மா இருந்தார். மூன்றாம் நாள் என் கட்டிலில் உட்கார்ந்து, "இன்னும் நாலஞ்சு நாள் குடிச்சிருந்தா நாங்க ஒண்ணும் செஞ்சிருக்க ஏலாது. யாரு சொன்னா உங்களுக்கு, இதுதான்னு?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லலைங்க. யோசிச்சுப் பாத்தேன்."

"டொக்டர்மார்கிட்ட ஏன் முதல்லயே கேக்கல?"

"பயம்ங்க."

அவர் ஒரு தாளில் என் ரத்தத்தில் எது எவ்வளவு இருக்க வேண்டும், இப்போது எவ்வளவு இருக்கிறது என்று தமிழில் எழுதிக் காட்டினார். என் உடம்பைப் பற்றி ஒருவர் எனக்கு எழுதிக் காட்டியது அதுதான் முதல் தடவை. எண்கள் எல்லாம் கீழே கிடந்தன. பார்க்கப் பயமாக இருந்தாலும் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

தலைமுடி பாதி கொட்டியது. பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தேன்.

மூன்று மாதம் கழித்து, விரல்கள் திரும்பவும் வீங்கத் தொடங்கின. பழைய கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். பதுளையில் கொடுத்த கார்டை அந்த டொக்டர் இரண்டு தடவை படித்தார். அன்றைக்கு ஒரு தமிழ் மிஸ்ஸியைப் பக்கத்தில் நிறுத்தி, முதல் தடவை தான் வேகமாகப் பேசியது பிழை என்று அவராகவே சொன்னார். பிறகு, கைக்கு அதே மருந்துதான் நல்லது, முறையாகக் குடித்தால் பயமில்லை என்றார்.

எனக்கு அந்த அறையை விட்டு ஓட வேண்டும் போல இருந்தது. ஓடாமல் கேட்டேன். வேறு மருந்து இல்லையா? இருக்கிறது, ஆனால் இந்தளவு பிடிக்காது. குடிக்காமல் விட்டால்? மூட்டு கோணிவிடும், பிறகு நிமிராது. குடித்தால் எப்போது ரத்தம் பார்ப்பீர்கள்? இரண்டு கிழமையில். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அவருக்குக் கோபம் வரவில்லை. பின்னால் நின்றவர்கள்தான் முணுமுணுத்தார்கள்.

"யோசிச்சுட்டு வாரேங்க" என்றேன். ஒரு டொக்டரிடம் அப்படிச் சொல்ல முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாம் என்றார். ஒரு மாதம் யோசித்தேன். பால் போத்தல் மூடியைத் திருக முடியாத அளவுக்குக் கை வந்ததும் போய்ச் சம்மதம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். முதல் ஞாயிறு குளிசையை நாக்கில் வைத்துவிட்டு, விழுங்க முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது கரைந்து கசந்தது. வீட்டுக்காரர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. கை தேவலை, பிள்ளைகளைத் தூக்குகிறேன். ரத்தம் பார்த்த ரிப்போட்டை டொக்டர் படிப்பதற்கு முன்னால் நான் படிக்கிறேன். எண்கள் சரியாகவே இருக்கின்றன. இருந்தாலும் திங்கட்கிழமை விடிந்ததும், பாயில் கிடந்தபடியே நாக்கால் வாயின் உள்பக்கத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.