பக்கத்து வீட்டுத் தறியும் எங்கள் ஜாஸும்

புது லுங்கியை முகர்ந்து பார்க்கிற கெட்ட பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. போன வாரம் புத்தூர் கடைவீதியில் வீட்டுக்காரருக்கு லுங்கி எடுக்கப் போனேன். பிரித்துக் காட்டியதையெல்லாம் நான் மூக்கருகே கொண்டுபோவதைப் பார்த்த கடைக்காரர், "அது துணிம்மா, மாம்பழம் இல்ல" என்றார். வெட்கம் கெட்டுப்போய் அதிலேயே ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கஞ்சியும் தறி எண்ணெயும் கலந்த அந்த வாசனையை, ஆந்திர எல்லையில் தறி ஓடும் எங்கள் ஊர் நகரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு எப்படிச் சொல்ல? சோறு வடித்த பானைக்குப் பக்கத்தில் சைக்கிள் செயினைக் கழற்றி வைத்தால் ஒரு வாசனை வருமே, ஏறக்குறைய அதுதான். எனக்கு மட்டும் அந்த வாசனையோடு ஒரு சாக்ஸபோனும் சேர்ந்து கேட்கும்.

ஆமாம், நகரியில் நாங்கள் ஜாஸ் வாசித்தோம். நீங்கள் சிரிப்பது தெரிகிறது. எங்கள் அம்மாவும் முதலில் சிரித்தாள், அப்புறம்தான் திட்டினாள்.

அப்போது நான் ரேணிகுண்டா பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. காலையில் பாசஞ்சர் ரயில். அதே பெட்டியில் செல்வம் அண்ணன் வருவார். புத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ரயில் கிளம்பியதும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு டிபன் பாக்ஸ் மேல் விரல்களை ஓடவிடுவார். தயிர்சாதத்துக்கு என்ன தாளமோ என்று நாங்கள் பெண்கள் கிண்டல் செய்வோம். ஒருநாள் டிபன் பாக்ஸுக்குப் பதிலாக மடியில் ஒரு கறுப்புப் பெட்டி. சென்னையில் பழசாக வாங்கிய சாக்ஸபோனாம். பேச்சு வளர்ந்ததில் நானும் சும்மா இருக்காமல், "எங்க வூட்லயும் ஒரு கிடார் கீதுண்ணா. ரெண்டு கம்பி அறுந்துபோச்சி" என்று சொல்லிவைத்தேன்.

அது என் அண்ணன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கிடார். செல்வம் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர், சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டார். "இதுக்கு மொத்தமே நாலு கம்பிதாம்மா. இது பேஸ் கிடார்." அதற்கு முந்தின வாரம்தான் திருப்பதியில் ஒரு கடைக்காரரிடம் மீதி இரண்டு கம்பி கேட்டுச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். என் சங்கீத வாழ்க்கை இந்த லட்சணத்தில்தான் தொடங்கியது.

இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். புத்தூர் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் யேசுபாதம். கார்வேட்டிநகரத்திலிருந்து டிரம்ஸ் முரளி. தெலுங்குப் பையன், பிரிட்ஜ் மெக்கானிக், ரிப்பேருக்கு வந்த பிரிட்ஜ்களோடு டிரம்ஸையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவான். பழகுவதற்கு இடம் எங்கள் தறிக்கொட்டகை. நைனா நான்கு தறியில் இரண்டை விற்றுவிட்டதால் பாதிக் கொட்டகை காலி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தறிக்கு ஓய்வு. பக்கத்து வீட்டுக்காரருக்கோ ஞாயிறு கிடையாது. அவருடைய எட்டுத் தறியும் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தச் சத்தம் தொந்தரவாக இல்லையா என்று கேட்பீர்கள். நகரியில் பிறந்தவளுக்குத் தறிச் சத்தம் கேட்கவே கேட்காது. நின்றால்தான் கேட்கும். கரண்ட் போனால் தூங்குகிற குழந்தை விழித்துக்கொண்டு அழுகிற ஊர் எங்களுடையது.

செல்வம் அண்ணன் ஒரு பாட்டு கட்டி வைத்திருந்தார். பெயர் 'மூக்கு'. எங்கள் மலையில் மூக்கைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறையை நீங்கள் ரயிலில் போகும்போது பார்த்திருப்பீர்கள். தினமும் ஜன்னலோரம் அதைப் பார்த்துப் பார்த்தே கட்டினாராம். மெதுவாகத் தொடங்கும். நாங்கள் மூன்று பேரும் கீழே நடந்துகொண்டிருப்போம். அவர் சாக்ஸபோனில் தனியாக ஏறுவார், வழுக்குவார், மறுபடி ஏறுவார். பன்னிரண்டு நிமிஷம். ஒவ்வொரு தடவையும் வேறு வழியில் ஏறுவார், ஆனால் உச்சிக்குப் போய்விடுவார். "இத ஒரு தபா ஜனங்க முன்னாடி முழுசா வாசிக்கணும்மா. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்பார். வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நல்ல காலம் பிறந்தது. திருப்பதியில் ஒரு ஓட்டலில் ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வாசிக்கச் சொன்னார்கள். மேனேஜர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, "சாஃப்ட்டா உண்டாலி." மெதுவாக இருக்க வேண்டுமாம். எங்களிடம் மெதுவுக்கா பஞ்சம்? திருமலையிலிருந்து இறங்கி வந்த கூட்டம்; மொட்டைத் தலைகளில் சந்தனம், மேஜைதோறும் லட்டுப் பை. இரண்டு பாட்டு எப்படியோ ஒப்பேற்றிவிட்டு 'மூக்கு' எடுத்தோம்.

நடந்ததைச் சொல்ல இன்றுவரை எனக்கு வெட்கம். இரண்டாவது நிமிஷத்திலேயே நடை தடுமாறிவிட்டது. நான் முரளியைத் துரத்தினேன், அவன் யேசுபாதத்தைத் துரத்தினான். அண்ணன் பாதி மலையில் நிற்கும்போது நாங்கள் மூவரும் உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிட்டோம். அவர் சாக்ஸபோனை இறக்கிவிட்டு, சாப்பிடுகிறவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மொட்டை போட்ட பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, பஜனைப் பாட்டு ஏதும் தெரியாதா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டே ஊர் திரும்பினோம். "நாதி தப்பு காது அக்கா, என் தப்பில்ல, நீங்கதான் ஓடினீங்க" என்று முரளி என்னிடம் சண்டைக்கு வந்தான்.

அடுத்த ஞாயிறு அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறி ஓட்ட மாட்டார்கள். அன்று வீடே எண்ணெய் முழுக்கும் பூஜையுமாக இருக்கும் என்பதால் நாங்களும் அதுவரை பழகியதில்லை. அவமானத்தில் அன்றைக்கும் கூடிவிட்டோம். வாசித்தால் அதே கதை, அதே உருளல். அம்மா முறத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாடி, பக்கத்து வூட்டுத் தறி ஓடலன்னா உங்களுக்குக் கை கால் வராதா? இத்தினி நாளா அதுங்கூடதான ஆடிக்கினு இருந்தீங்க."

எட்டு மாதமாக எங்களுக்குத் தாளம் போட்டது முரளி அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். காதுக்குத் தெரியாததைக் கால் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

முரளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "தறிதான? நானே ஓட்டுறேன்" என்று டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தான். பக்கத்து வீட்டில் சுவரை ஒட்டின தறி ஒன்றுக்கு லேசாக நொண்டல் உண்டு. வலது பக்க அடி ஒரு மயிரிழை தாமதமாக விழும். அந்த நொண்டலையும் சேர்த்து அடித்தான். எனக்கு விரல் தானாக ஒரு நாலு ஸ்வரத்தில் போய் உட்கார்ந்தது. அதையே சுற்றிச் சுற்றி வாசித்தேன். யேசுபாதம் நீளமாக இழுப்பதை விட்டுவிட்டு வெட்டி வெட்டிப் போட்டார். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. யாருக்கும் நிறுத்த மனசில்லை. அம்மாவின் கையில் முறம் அந்த நொண்டலுக்கே புடைத்துக்கொண்டிருந்தது. "இதுக்கு ஃபங்க்னு பேருண்ணா, ஆட வைக்கிற பாட்டு" என்று யேசுபாதம் கத்தினார்.

"தெரியும்பா" என்றார் செல்வம் அண்ணன். மூன்று தடவை சாக்ஸபோனை வாயருகே கொண்டுபோய், மூன்று தடவையும் இறக்கியிருந்தார். அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

ஓட்டல்காரர் இரக்கப்பட்டு இன்னொரு ஞாயிறு கொடுத்தார். ஒரு குழந்தையின் பிறந்தநாள் விருந்து. எங்களுக்குக் கால்மணி நேரம்தான். 'மூக்கு' வாசித்தால் தறித் தாளத்தில் வந்த புதுசுக்கு நேரமில்லை, புதுசு வாசித்தால் 'மூக்கு'க்கு நேரமில்லை. கொட்டகையில் உட்கார்ந்து பேசினோம். முரளிக்கும் யேசுபாதத்துக்கும் புதுசுதான் வேண்டும். செல்வம் அண்ணன் தன் ஆசையைச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஊருக்கே தெரிந்ததுதானே. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அண்ணன் பக்கம் நின்றிருந்தால் அன்று 'மூக்கு'தான்.

"புதுசே வாசிக்கலாண்ணா" என்றேன்.

காரணம் கேட்டால் ஜனங்களுக்குப் பிடிக்கும், மேனேஜருக்குப் பிடிக்கும் என்று அப்போது அளந்தேன். அதெல்லாம் பொய். 'மூக்கி'ல் நான் வாசிப்பது யாருக்கும் கேட்காது. புதுசில் என் நாலு ஸ்வரம் கூடத்தின் கடைசி மேஜை வரை கேட்கும். அவ்வளவுதான் சங்கதி. அற்பம்தான், ஆனால் அந்த வயதில் அது சாதாரண ஆசையா?

விருந்து அமர்க்களமாக நடந்தது. சாம்பார் வாளியோடு போன சர்வர் தாளத்துக்கு ஊற்றினார். பிறந்தநாள் குழந்தையைத் தாய்மாமன் தோளில் வைத்துக் குதித்தான். செல்வம் அண்ணன் மொத்தப் பாட்டுக்கும் இரண்டே ஸ்வரம் வாசித்தார். அந்த நொண்டல் அடி விழுந்து முடிந்த பின் வருகிற சிறிய இடைவெளியில் பாப், பாப் என்று இரண்டு. ஒவ்வொரு தடவையும் கூட்டம் கைதட்டியது. முடிந்ததும் சாக்ஸபோனைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபடி, "நல்லா வந்துச்சும்மா" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அவர் முகத்தில் ஒரு கோபமாவது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் பிறந்தநாள், வரவேற்பு, கல்லூரி விழா என்று சித்தூர் வரைக்கும் போனோம். எல்லா இடத்திலும் அந்த இரண்டு ஸ்வரம். 'மூக்கு' எடுக்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் யாராவது சொல்வோம். அடுத்த வாரம் என்போம். பிறகு அவருக்குச் சித்தூரில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் வேலை கிடைத்தது. கடைசி ஞாயிறு அம்மா களியும் கோழிக்குழம்பும் செய்திருந்தாள். "இன்னிக்கி மூக்கு வாசிச்சே ஆகணும்ணா" என்றார் யேசுபாதம். அண்ணன் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். "களி ஆறிப்போச்சின்னா துன்ன முடியாதுப்பா. வாங்க." சாப்பிட்டோம். அவர் ரயில் ஏறினார்.

இப்போது பக்கத்து வீட்டில் தறி இல்லை. எட்டையும் இரும்புக்குப் போட்டுவிட்டு மூன்று மாடி கட்டிவிட்டார்கள். எங்கள் கொட்டகை கூரியர்காரர்களின் குடோன். முரளி டிஜே வண்டி வைத்திருக்கிறான். பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடுகிறது, நொண்டுவதில்லை. நகரிக் குழந்தைகள் இப்போது கரண்ட் போனாலும் தூங்குகின்றன.

லுங்கி வாங்கி வந்த அன்று சாயந்திரம் கிடாரை எடுத்தேன். 'மூக்கி'ல் என் பங்கு முழுசாக விரலில் இருந்தது, பன்னிரண்டு நிமிஷமும். ஆனால் மேலே அண்ணன் வாசித்ததை முணுமுணுக்கப் பார்த்தால் இரண்டாவது வரியிலேயே நழுவுகிறது. முரளியைக் கேட்டேன், அவனுக்குத் தாளம்தான் தெரியும். யேசுபாதத்துக்குக் கீபோர்டு பங்குதான் தெரியும். யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. எங்கள் போன்களில் இருந்த கொஞ்ச இடத்தையும் ஃபங்குக்கே கொடுத்திருந்தோம். மனசு தாளாமல் செல்வம் அண்ணனுக்கே போன் போட்டேன். பத்து வருஷத்துக்கு அப்புறம் பேசினாலும் முந்தாநாள் பேசினவர் போலத்தான் பேசினார்.

"மூக்கு ஞாபகம் கீதாண்ணா?"

கொஞ்சம் யோசித்தார். "நீ கீழ வாசிம்மா. வந்துடும். இரு, சாக்ஸ எடுத்துக்கினு வரேன்."

பெட்டியின் கொக்கிகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டு, போனை மேஜையில் வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். முதல் சுற்றில் அவர் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் மூச்சை உள்ளே இழுப்பது மட்டும் கேட்டது. நான் நிறுத்தவில்லை, ஒரு ஸ்வரத்தைக்கூட விடவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தையும் வாசித்து முடித்தேன்.

"லைன்ல கீறீங்களாண்ணா?"

"கீறேம்மா. எல்லாம் கேட்டுச்சி. சுத்தமா வாசிக்கற. நான் எங்க வரணும்னுதான் தெரியல."