காய்ச்சல் துரைசானிக்கு, சூப்பு துரைக்கு

1. வேலைக்கு வந்த கதை

பசியாவரத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தும், படகு முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போனதும் வாந்தி எடுக்கிற ஆள் நான். "நீ கரையிலயே கெட, நைனா மானத்த வாங்காத" என்று அண்ணன் சொல்லிவிட்டான். அப்படித்தான் பழவேற்காட்டில் டச்சுக்காரர், நம் வாயில் உலாந்தாக்காரர், கட்டிய கோட்டையில் குசினிச் சமையல் வேலைக்கு வந்தேன். இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் அடுப்பையும் மசாலாவையும் பற்றித்தான் கேட்கிறார்கள். துரைகளை எப்படிச் சமாளிப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

2. சீனச் சூப்பு

என் துரை கடலுக்கு அப்பால் பத்தாவியாவில் சில மாதம் இருந்தவர். அந்தச் சில மாதத்தை வைத்தே மீதி ஆயுளை ஓட்டினார். மழைகூட அங்கே ஒழுங்காகப் பெய்யுமாம்.

ஓர் ஐப்பசியில் துரைசானிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த உலாந்தாப் பெண். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். கஞ்சி இறங்கவில்லை, எழுந்து உட்காரத் தெம்பில்லை. பிழைப்பாரா என்றே எங்களுக்குப் பயமாக இருந்தது.

துரை குசினிக்கே வந்துவிட்டார். கூடவே, அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷும் வந்தார்.

"பத்தாவியால தொரைக்கு ஜொரம் வந்தப்ப ஒரு சீனாக்காரன் கோழி சூப்பு குடுத்து எழுப்பி உட்டானாம். அதே சூப்பு வேணும்னு சொல்றாரு."

"அதுல இன்னா போடுவாங்க அய்யா?"

துபாஷ் கேட்டார். துரை வெகுநேரம் கையை ஆட்டிப் பேசினார். நடுவில் கண்ணைக்கூட மூடிக்கொண்டார்.

"கோழி போடணுமாம்" என்றார் துபாஷ்.

பத்தாவியாவுக்குக் கப்பலில் போய்வரும் ஒரு மரக்காயரிடம் மிச்சத்தைக் கேட்டுக்கொண்டேன். கோழியை இஞ்சி, பூண்டோடு மெதுவாக வேகவிட்டுச் சாறு எடுக்க வேண்டும். கோதுமை மாவை நூலாக இழுத்துத் தனியே வேகவைத்து, அதன்மேல் சாற்றை ஊற்ற வேண்டும். வெங்காயத்தாள் தூவி, கப்பலில் ஜாடியில் வரும் கறுப்புச் சோயாச் சாறு கொஞ்சம் விட வேண்டும்.

என் கை மீன் பழகிய கை. இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிட்டேன். அதற்குமேல் விட்டால் மீன் கரைந்துவிடும். கோழி கரைகிற சாதியில்லை. துரை கடித்த துண்டு ஜன்னல் வழியாக வெளியே போனது. மறுநாள், எலும்பு கழன்று வரும்வரை அடுப்பைவிட்டு நான் நகரவில்லை.

3. ருசி

துரை ருசி பார்க்காமல் எந்தக் கிண்ணமும் மாடிக்குப் போகக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஒரு கரண்டி குடித்தார், யோசித்தார். இன்னொரு கரண்டி. கிண்ணம் காலியானது.

"பத்தாவியா ருசி வரலைனு சொல்றாரு" என்றார் துபாஷ்.

மாடிக்குக் கஞ்சித் தண்ணீர்தான் போனது. அதுவும் அப்படியே திரும்பி வந்தது.

அடுத்த நாள் இஞ்சி அதிகமாம். அதற்கடுத்த நாள் நூல் தடிமனாம். தினம் ஒரு கோழி, தினம் ஒரு குறை, தினம் ஒரு காலிக் கிண்ணம். துரைக்குக் கன்னம் உப்பி, கோட்டுப் பொத்தான் திணறியது. மேலே அந்த அம்மா எலும்பும் தோலுமாகக் கிடந்தார். மிச்சக் கோழி துபாஷுக்குப் போனதால் அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், துரை ருசி பார்க்கும் முன்பே முதல் கிண்ணத்தைப் பின்படி வழியாக மேலே கொண்டுபோனேன். மாட்டினால் வேலை போகும், முதுகுத் தோலும் உரியும். ஆயா வாங்கி ஊட்ட, நான் கதவோரம் நின்றேன்.

"மொளகு பத்தல" என்றார் துரைசானி. ஆனால் கிண்ணத்தை விடவில்லை. குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத ஏன் நேத்து கொண்டாரல?"

"ருசி சரியா வரலைங்கம்மா."

"யாருக்கு?"

நான் காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அன்று முதல் சூப்பு பின்படி வழியாகவே போனது, மிளகு தூக்கலாக.

அவர் தேறி, விருந்து மேஜைக்கு இறங்கி வந்த அன்று, தன் பத்தாவியா வைத்தியம்தான் பலித்தது என்று துரை விருந்தாளிகளிடம் அளந்துகொண்டிருந்தார். துரைசானி என்னைக் கூப்பிட்டு, எல்லார் எதிரிலும் தமிழில் சொன்னார்:

"ருசி பாக்கறத அவரே பாத்துக்கட்டும். எனக்கு சாப்பாடு நேரா வரட்டும்."

துரை துபாஷைப் பார்த்தார். துபாஷ் ஏதோ சொன்னார். துரை பூரித்துப்போனார். வெளியே வந்ததும், "இன்னா சொன்னீங்க அய்யா?" என்று கேட்டேன்.

"சூப்பு பிரமாதம்னு சொன்னேன்."

அன்றிலிருந்து என் அடுப்பில் இரண்டு சட்டிகள். ருசி பார்ப்பவருக்குச் சின்னது, பசித்தவருக்குப் பெரியது. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். துரை ஊரைவிட்டுப் போகும்வரை பத்தாவியா ருசி வரவில்லை என்றுதான் சொன்னார். நானும் கடைசிவரை, "நாளைக்கு வந்துடும் தொரை" என்றுதான் சொன்னேன்.