உப்பளத்துக்குப் போன விடிலி

செம்மணல் மேடான தேரியில் தண்ணீர் ஊறாது என்று நாலு பேர் சிரித்த இடத்தில் கிணறு வெட்டி, நல்ல தண்ணீர் கண்டவன் நான். உடன்குடியில் சொந்தமாகக் கருப்பட்டி மண்டி போட்டவன் நான். பாதிச் சுவரோடு நின்றுபோன ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு வேய்ந்து கொடுத்தவன் நான். மாடி வீடு, குடோன், பிள்ளைகள் மூன்று பேருக்கும் கடை, எல்லாம் ஒரு சாக்குக் கருப்பட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பியதில் வந்தவை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை. ஆனால் ஓலையைப் பற்றி நான் பேசினால் கலெக்டரும் உட்கார்ந்து கேட்கலாம்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, விடிந்தும் விடியாமலும், குட்டி யானை வண்டி நிறையப் பனை ஓலை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் புறப்பட்டேன். வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. நான் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து ஏறியதைப் பார்த்து டிரைவர் முருகனுக்குச் சிரிப்பு.

"அண்ணாச்சி, கொட்டகை போடப் போறியளா, பொண்ணு பாக்கப் போறியளா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுலே" என்றேன்.

போன காரியம் இதுதான். முள்ளக்காட்டுப் பக்கம் ஓர் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தலைவி மரியபுஷ்பம். திரேஸ்புரத்துக் கடற்கரைக் குடும்பத்துப் பெண். அவள் என் மண்டிக்கு வந்து ஓலை கேட்டாள். உப்பளத்தில் மருந்துக்கும் நிழல் கிடையாது. மேலே வெயில், கீழே உப்பின் வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் மனுஷி. போன வருஷம் பேச்சியம்மாள் என்கிற பெண் மயங்கி உப்புப் பாத்திக்குள்ளேயே விழுந்துவிட்டாள். அன்று ஆரம்பித்து, பெண்கள் எல்லோரும் ஒன்றாக உப்பளத்து முதலாளியிடம் போய்ப் போய்க் கேட்டு, வரப்பில் ஒரு மூலையில் நிழல் போட்டுக்கொள்ளச் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள். ஒரு நிபந்தனை: உப்பில் ஒரு துரும்பு விழுந்தாலும் பிரித்துவிட வேண்டும். உப்பு வெள்ளையாக இருந்தால்தான் விலை. பக்கத்து உப்பளங்களின் பெண்கள் இது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது விழுந்தால் அவர்களுக்கும் நிழல் இல்லை.

"ஓலை மட்டும் குடுங்க அண்ணாச்சி, நாங்க கட்டிக்கிடுதோம்" என்றாள் புஷ்பம். நானா விடுவேன்? நானே வந்து கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திருச்செந்தூரில் டீ பதினைந்து ரூபாய். வெந்நீர் மாதிரி இருந்தது. ஆறுமுகநேரி தாண்டி, சாகுபுரத்து ஆலையின் குழாய்களைப் பார்த்துக்கொண்டே போய், முக்காணிப் பாலத்தில் தாமிரபரணியைக் கடந்தோம். பழையகாயலுக்கு அப்புறம் பனை குறைந்து பூமி தட்டையாகிவிட்டது. ஐம்பது கிலோமீட்டர் சுமாருக்கு வந்திருப்போம். உப்பளம் தெரிந்தது. தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், துறைமுகத்துக் கிரேன்கள். கண்ணை முழுசாகத் திறக்க முடியவில்லை.

எட்டு மணிக்கு வேலையை ஆரம்பித்தோம். எங்கள் பனங்காட்டில் பதனீர் காய்ச்சுவதற்குப் போடும் ஓலைக் குடிசைக்கு விடிலி என்று பேர். தாழ்ந்த கூரை, குனிந்து நுழைகிற வாசல், காற்று புகாத அடைப்பு. கண்ணை மூடிக்கொண்டே கட்டுவேன். அப்படியே கட்டினேன். மத்தியானத்துக்குள் முடிந்தது. பெண்கள் தூக்குச்சட்டியோடு உள்ளே போனார்கள். போன வேகத்தில் வெளியே வந்தார்கள்.

"அண்ணாச்சி, எங்களையும் சேத்துக் காய்ச்சப் போறியளா?" என்றாள் பேச்சியம்மாள், முந்தானையால் விசிறிக்கொண்டே.

"ஏளா, நீ கருப்பட்டி ஆனாலும் யாரு வாங்குவா?" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் கச்சான் காற்று எழும்பியது. மேற்கிலிருந்து வருகிற காற்று. மணலையும் தூக்கும், மனுஷனையும் தள்ளும். கூரையிலிருந்து ஓலைச் சருகு பொடிப்பொடியாய்ப் பறந்து பாத்தியில் இறங்கியது. ஊரில் இப்படி ஆகாது. விடிலிக்குள் நாள் முழுக்க அடுப்பு எரியும். அந்தப் புகை ஏறி ஏறி ஓலை கறுத்து இறுகிவிடும். இங்கே அடுப்பு ஏது? வெறும் காய்ந்த ஓலை. இதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். புகை இல்லாத இடத்தில் யாரும் இதற்கு முன் விடிலி கட்டியதில்லை.

உப்பளத்துக் கணக்கப்பிள்ளை பைக்கில் வந்து இறங்கினார்.

"என்ன புஷ்பம், இது உப்பா, பனங்காட்டுக் குப்பையா? நாலு மணிக்குத் திரும்பி வாரேன். அதுக்குள்ள பிரிச்சுப் போட்டிருக்கணும்."

"நாலு மணிக்கு வாங்க சார். அப்பவும் துரும்பு விழுந்தா நாங்களே பிரிச்சிருதோம்" என்றாள் புஷ்பம்.

அவர் போனார். பேச்சியம்மாள் பாத்திக்குள் இறங்கி ஒவ்வொரு துரும்பாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

புஷ்பம் போனை எடுத்தாள். "ஏலே அந்தோணி, மாடியில கெடக்க கிழிஞ்ச வலைய எடுத்துட்டு வாலே. எதுக்குன்னு கேக்காத." அந்தோணி அவள் தம்பி, வள்ளத்தில் மீன்பிடிக்கிறவன்.

நான் சும்மா இருக்கவில்லை. காய்ந்த ஓலை முழுவதையும் உருவச் சொன்னேன். வண்டியில் அடியில் பரப்பிக் கொண்டுவந்த பச்சை ஓலை இருந்தது. அதைத் தட்டியாக முடைந்தால் நுனி உள்ளே மடங்கிக்கொள்ளும், உதிராது. பெண்களில் மூன்று பேருக்கு முடையத் தெரிந்திருந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நானும் உட்கார்ந்தேன். கூரையை உயர்த்தி, காற்று வரும் பக்கமும் போகும் பக்கமும் திறந்துவிட்டோம். அந்தோணி வலையோடு வந்து நின்றான்.

"பனை ஓலையில மீன் புடிக்கப் போறியளாக்கும்?"

"பேசாம கெட்டுலே" என்றாள் அக்காள்.

கூரைக்கு மேலே ஒரு வலை, கீழே ஒரு வலை, நடுவில் என் ஓலைத் தட்டி. இழுத்துக் கட்டினான். கடலில் கட்டுகிற முடிச்சு. காற்று இழுக்க இழுக்க இறுகியது.

நாலு மணிக்குக் கணக்கப்பிள்ளை வந்தார். கச்சான் அடித்துக்கொண்டுதான் இருந்தது. பாத்தி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, துரும்பு கிடக்கிறதா என்று தண்ணீரைக் கையால் அளைந்து பார்த்தார். பிறகு கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"மழை வாரது வரைக்கும் நிக்கட்டும்" என்றார்.

திரும்பிப் பார்த்தால், பேச்சியம்மாள் தலைக்குத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிழலில் தூங்கிவிட்டிருக்கிறாள். கணக்கப்பிள்ளையும் அப்புறம் பேசியதைக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

திரும்பும்போது பழையகாயலில் பனைகள் மறுபடி தென்பட்டன. எங்கள் ஊரில் நிழலைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. அதற்காக யாரும் சங்கம் வைத்ததுமில்லை.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. நேற்று புஷ்பம் போன் போட்டாள். பக்கத்து உப்பளங்கள் இரண்டிலும் பெண்கள் கேட்டு வாங்கி, இதே மாதிரி போட்டுவிட்டார்களாம். சந்தோஷம். அதற்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? வலைக்கொட்டாய்! வெளியே வலை தெரிகிறதாம், அதனால் வலைக்கொட்டாயாம். அப்படியானால் வெயிலைத் தடுப்பது யார், வலையின் ஓட்டையா?

சங்கம் இல்லாவிட்டால் என் ஓலைக்கு அங்கே ஊன்ற இடம் கிடைத்திருக்காது. அந்தோணியின் முடிச்சு இல்லாவிட்டால் அது கடலில் போய் விழுந்திருக்கும். அவர்கள் பங்கை நான் குறைக்கவில்லை. என் பங்கை யாரும் விழுங்கவும் கூடாது. அது விடிலி. உடன்குடி ஓலை. முதல் தட்டியை மண்டிக்காரர் சட்டையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்து முடைந்தார். கேட்கிறவர்களுக்கெல்லாம் புஷ்பம் இதைச் சொல்ல வேண்டும். போனிலும் சொல்லிவிட்டேன், இங்கே எழுதியும் கேட்கிறேன்.