எதிர் நாற்காலி

சனிக்கிழமை கடைசி மணி அடித்ததும் ஸ்ரீதேவி மேடம் எதிர் நாற்காலியைத் துடைக்கிறார். அதில் யாரும் உட்காருவதில்லை. மண்டி மொஹல்லாவில் எங்கள் கன்னடப் பள்ளிக்கு வாய்த்த ஒரே சைக்காலஜிஸ்ட் அவர். மாடிப்படிக்கு அடியில் அறை. பக்கத்து வகுப்பில் நான் கணக்கு வாத்தியார். ஒருமுறை அசதியில் அந்த நாற்காலியில் உட்காரப்போய், "அங்க மட்டும் பேடா சார், வேண்டாம், ஸ்டூல்ல உக்காருங்க" என்று விரட்டப்பட்டேன்.

அது சந்திரன் சாருடைய இடம். ஐந்து வருடம், வாரந்தோறும் வந்து மேடத்தின் குறிப்புகளைப் படித்துப் பார்த்த மேற்பார்வையாளர். கடைசியில் ஒன்று கேட்பாராம்: "எல்லாம் சரிம்மா, நீ எதைக் கேக்கலே?" தொண்ணூற்று நாலில் டெல்லிக்குப் போய்விட்டார். பதிலுக்கு ஆள் போடவில்லை. இப்போது தலைமையாசிரியை கௌரம்மாதான் மேற்பார்வை. மாதம் எத்தனை பிள்ளைகள் என்ற கேள்வியோடு அது முடிந்துவிடும்.

மேடம் இன்னும் ஒவ்வொரு அறிக்கையிலும் சார் எழுதுவதற்கென்று ஓரத்தில் மூன்று விரல் இடம் விடுகிறார். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் பியூனுக்கு முன்னால் வாசலுக்குப் போய்விடுவார். நாங்கள் கேலி செய்ததுண்டு. இப்போது செய்வதில்லை, பாவமாக இருக்கிறது.

ஜூனில் கோபிநத்தம் என்ற மலை ஊரிலிருந்து மாதேவி வந்தாள். அப்பாவுக்குக் கட்டட வேலை. நாலாம் வகுப்பு. மேடம் படங்களைக் காட்டிக் கன்னடத்தில் கேட்டார். பெண் தரையையே பார்த்தாள். கிரகிக்கும் திறன் குறைவு என்று அறிக்கை போனது. கௌரம்மா அவளை இரண்டாம் வகுப்பில் உட்காரவைத்தார்.

போன வெள்ளிக்கிழமை குழாயடியில், தமிழ் தெரிந்த ஆயா மல்லம்மாவுக்கு மாதேவி தன் ஊருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். "கொள்ளேகாலத்துல எறங்கி மலை பஸ்ஸு ஏறோணும். ஒம்பது மணி பஸ்ஸ விட்டா பதினொண்ணே காலுக்குத்தான். போய்ச் சேர ரெண்டு மணி ஆயிரும்."

கேட்டுக்கொண்டு நின்ற மேடத்தின் முகம் செத்துவிட்டது.

"வீட்ல நானும் தமிழ்தான் சார். எந்த பாஷைல கேக்கறதுன்னு எனக்கே தோணலியே. சந்திரன் சார் இருந்திருந்தா மொதல்ல அதைத்தான் கேட்டிருப்பார்" என்றார் என்னிடம்.

காலாண்டுத் தேர்வுக்குள் புது அறிக்கை வந்தால் மறுபடி நாலாம் வகுப்பு, இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான் என்று கௌரம்மா சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை மாதேவி வந்து ஸ்டூலைத் தேடினாள். மேடம் அதைக் காலால் மேசைக்கடியில் தள்ளினார். எதிர் நாற்காலியை இழுத்து, ஒருமுறை துடைத்து, அவளைத் தூக்கி அதில் உட்காரவைத்தார்.