நேத்து என்ன சாப்பிட்டீங்க?

எங்கள் அக்கா ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். இலங்கையில் ரத்தோட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போன அவள், கடைசி வருட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட விஷயம், மாதவிடாய் வலிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது. அம்மா மாதாமாதம் அடிவயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அக்காவுக்கு அந்த வைராக்கியம். எனக்கு அப்போது எட்டு வயது. வயிற்றுவலி என்றால் கொய்யாக்காய் தின்று வருவது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பா குதித்தார். "லயம் முழுக்க இதையா கேட்டுக்கிட்டுத் திரியப் போற? மானம் போகுது!"

"மானம் போனா போகட்டும்ப்பா. வலி போகணும்."

என்ன வாய்! அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா லயத்து வரிசை வீடுகளில் ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். நானும் கூடவே ஓடினேன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சோறு, பருப்பு, கீரை, கருவாடு, முட்டை என்று ஆளாளுக்கு அடுக்கினார்கள். இவ்வளவு சாப்பிடுகிறவர்களுக்கும் வலி மட்டும் குறைவில்லாமல் இருந்தது. அக்கா தலையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில் அம்மாவையும் பிடித்து உட்காரவைத்துக் கேட்டாள்.

"சோறு, பருப்பு, முட்டைப் பொரியல்" என்றாள் அம்மா.

"ஐயையோ, பொய்யி! முட்டைய நானும் அக்காவும்தானே தின்னோம்!" என்று நான் கத்தினேன்.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அக்கா பேனாவை வைத்துவிட்டாள். அவரவர் சாப்பிட்டதை அவள் கேட்டிருக்கிறாள், பெண்கள் எல்லோரும் வீட்டில் சமைத்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை நாள் அலைச்சலும் வீண். வேறு ஒருத்தியாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பாள். எங்கள் அக்கா மறுநாளே முதல் வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை, "ஒங்க தட்டுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடுத்த நாளும் அவள் வாசலில் போய் நின்றாள் அக்கா.

அம்மாவின் முறை வந்தபோது அப்பாவும் வீட்டில் இருந்தார்.

"நேத்து ராத்திரி ஒங்க தட்டுல என்னம்மா இருந்துச்சு?"

"மிச்சம் இருந்ததுதான்."

"என்ன மிச்சம் இருந்துச்சு?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா விடவில்லை, திரும்பவும் கேட்டாள்.

"நேத்து ஒண்ணும் மிஞ்சலடி."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பு அவ்வளவு ருசி, சட்டியை வழித்துத் தின்றதே நான்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.