மனமுவந்து

என் அப்பாவின் உயிலை எழுதியது நான். அவர் சொல்லச் சொல்ல, என் கையால், நீல மையில். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள் இல்லையா, ஒற்றுப்பிழைகூட இல்லாமல் எழுதினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

காமயகவுண்டன்பட்டியில் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டமும் ஒரு வீடும் இருந்தன. தேனியிலிருந்த என்னைப் போன் போட்டு வரவழைத்தார். "டைப் அடிக்கக் குடுத்தா கம்பம் பூராவும் தெரிஞ்சுபோகும். ஓங் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நீ எழுது ஆத்தா."

தோட்டம் முழுக்க அண்ணனுக்கு. வீடு தம்பிக்கு. எனக்கு ஒரு வாக்கியம்: 'என் மகள் தனக்குப் பங்கு எதுவும் வேண்டாமென மனமுவந்து கூறிவிட்டபடியால்...'

பேனாவை நிறுத்தினேன். "நான் எப்பப்பா அப்பிடிச் சொன்னேன்?"

"சொல்லலேன்னா என்ன? கேட்டா மாட்டேன்னா சொல்லப்போற? எழுது."

அந்தத் தோட்டத்தில் கொடிகளைக் கவாத்து வெட்டி முடித்ததும் பள்ளிக்கூட விடுமுறை முழுக்கக் குச்சி பொறுக்கியவள் நான். அண்ணன் அப்போது கம்பத்தில் ஏதாவது சினிமாக் கொட்டகையில் இருப்பான். அதையெல்லாம் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எழுதினேன். பயத்திலும் இல்லை, பாசத்திலும் இல்லை. அவர் சொன்னால் செய்வது என்று கைக்குப் பழகிவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் வந்து, அப்பா கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, சாட்சியாகத் தாங்களும் போட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படிக்கவில்லை.

அப்பாவுக்குக் கருமாதி முடிந்த கையோடு தம்பி கிளம்பினான். உயிலில் இருப்பது அப்பா கையெழுத்தே இல்லை, அண்ணன் போட்டது என்று கோர்ட்டுக்குப் போனான். சாட்சிகள் இரண்டு பேரும் அப்பாவுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர்களில் உயிரோடு மிச்சம் நான் ஒருத்திதான்.

அதற்கப்புறம் எனக்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! ஐந்து வருடமாகத் தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காத அண்ணன் ஒரு பெட்டி பன்னீர் திராட்சையோடு வந்தான். வந்தார் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. என் அப்பா தோட்டத்துப் பழத்தை எனக்கே தானம் கொடுக்கிற மாதிரி நீட்டினான்.

"வக்கீல் சொன்னாக, பாத்ததப் பாத்தேன்னு நீ சொன்னாப் போதுமாம். ஒனக்குத் தெரியாததா ஆத்தா?"

திராட்சையைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்தான். வெறுங்கையோடு வந்தாலும் கையில் ஒரு கணக்கு இருந்தது. "அக்கா, எழுதுனது நாந்தான், ஆனா அப்பா கையெழுத்துப் போட்டதப் பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. உயில் செல்லாமப் போயிரும். அம்மாவும் இல்ல, மூணு பேருக்கும் சமபங்கு. ஒரு ஏக்கர் ஒனக்கு."

"பாத்தேன்லடா."

"ஒனக்குன்னு ஒண்ணுமே எழுதலையேக்கா அவரு? அவருக்காக நீ ஏன் உண்மை பேசணும்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. எனக்கு ஆசை இல்லை என்று இங்கே எழுதினால் இதுவும் பொய்யாகிவிடும். ஒரு வாரம் அந்த ஒரு ஏக்கருக்கு மனசுக்குள்ளேயே வேலி போட்டேன், போர்வெல் போட்டேன். அந்தத் தோட்டத்தில் எனக்குப் பங்கு வேண்டும். இன்றைக்கும் வேண்டும். ஆனால் அப்பாவுக்காக ஒரு பொய்யை எழுதிக் கொடுத்தாயிற்று. தம்பிக்காக இன்னொன்று சொல்ல, நான் என்ன இந்த வீட்டுப் பொய்களுக்குக் குமாஸ்தாவா?

கூண்டில் ஏறினேன். அப்பா சொன்னார், நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்றேன். அண்ணன் முகம் பளிச்சென்று ஆனது. தோட்டம் அந்த நிமிடமே என் கையை விட்டுப் போய்விட்டது என்று எனக்குத் தெரியும்.

தம்பியின் வக்கீல் எழுந்தார். "பங்கு வேண்டாமென நீங்கள் மனமுவந்து கூறியதாக இதில் இருக்கிறதே, உண்மையா?"

"பொய்" என்றேன். "எழுதினது நான்தான். ஆனால் பொய்."

அண்ணன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

நான் சொன்னதையெல்லாம் டைப் அடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி வரிவரியாகப் படித்தேன். கடைசியில் 'அந்த வாசகம் சரியல்ல' என்று இருந்தது.

"நான் பொய்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா" என்றார் டைப் அடித்தவர்.

"ஒண்ணு இல்ல. மாத்துங்க."

அவர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தலையசைத்தார். தாள் திரும்பி வந்தது: 'அந்த வாசகம் பொய்.'

அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை, மனமுவந்து.