தண்ணீர் பார்த்துக் குறித்த நாள்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் அண்ணாச்சி ஒல்லியானவர். தோளில் அவரைவிட உயரமான வால்வுச் சாவி எப்போதும் இருக்கும்.

அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு ஜோசியர் புதன்கிழமையைக் குறித்தார். எங்கள் தெரு வழக்கப்படி அண்ணாச்சியிடமும் கேட்டோம்.

"புதன் நல்ல நாளுதான். தண்ணி வராதுல்லா. வியாழக்கிழமை வைங்க."

வைத்தோம். தட்டு மாற்றும் நேரத்தில் அவர் வால்வைத் திறந்தார். தெருக்குழாய் சீறியதும் பந்தலிலிருந்த பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். முதலில் ஓடியது அக்கா. மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு விழித்தார்கள்.

பந்திக்கு வந்தவரிடம், "தட்டு மாத்துத வரைக்கும் பொறுக்கக் கூடாதா, அண்ணாச்சி?" என்றேன்.

"முகூர்த்தத்த ஜோசியர் தள்ளி வைப்பாரா? இதுவும் அப்படித்தான்."

சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டில் இரண்டு குடம் தண்ணீர் கேட்டு வாங்கிப் போனார். அவர் தெருவுக்கு மறுநாள்தான் முறையாம். சாவி தோளில்தான் இருந்தது.